துக்க வருஷத்துப் பங்குனி

மூன்றாவதாக வந்த கவிஞர் வசந்தத்தை இன்னும் விட்டபாடில்லை. தென்றலைக் கூப்பிட்டு, அதுக்கு ஒரு பச்சைச் சேலையை உடுத்திவிட்டு, இடுப்பில் குடத்தையும் கொடுத்துவிட்டார். இனி அது போய்த் தண்ணி நிறைத்துத் திரும்பி வந்தால்தான் நாலாவது ஆளைக் கூப்பிடுவார்கள், நாலாவது ஆள் இறங்கினால் அடுத்தது நாம்தான் என்று நினைத்தபோதே சண்முகத்தாய்க்கு உள்ளங்கை ஈரமாகிவிட்டது. சேலையில் துடைத்தாள். துடைத்த கை மறுபடியும் நனைந்தது. இருக்கிறதே அஞ்சு கவிதை, ஒவ்வொன்றும் மூணு வரி, அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் படித்து முடித்துவிடலாம், அதுக்கு இம்புட்டு வேர்வையா. வியாபாரிகள் சங்கத்து மாடிக் கூடத்தில் காத்தாடிகள் எல்லாம் சுத்தத்தான் செய்தன, காத்துதான் கீழே இறங்கவில்லை. பின்வரிசையில் ஒருத்தர் அழைப்பிதழை மடித்து விசிறிக்கொண்டே, "வெயில் மண்டையப் பொளக்கு, இதுல வசந்த விழா வேற" என்றார். "வசந்தமெல்லாம் ஊட்டியோட நின்னுரும் வேய், கோவில்பட்டிக்கு பஸ் கிடையாது" என்றார் பக்கத்தில் இருந்தவர். சண்முகத்தாய்க்குத் திரும்பி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் போலிருந்தது. குளுகுளுன்னு இருந்தால்தான் வசந்தமா? கரிசல் வாயைப் பிளந்து கிடக்கிறது, கிணத்தில் வாளி தரை தட்டுகிறது, அந்த நேரம் பார்த்துத்தான் வேம்பு பூக்குது, புங்கை கொழுந்து விடுது, புளி தளிர்க்குது. யாரைக் கேட்டுப் பூக்குது? எந்த மழையை நம்பிப் பூக்குது? தண்ணியைக் குடித்துவிட்டுப் பூத்தால் அதில் என்ன சாமர்த்தியம் இருக்கு. வெயிலைப் பார்த்து, நீ பாட்டுக்கு அடி, நான் பாட்டுக்குப் பூக்கேன் என்று நிற்கிறதே, அதுதான் வசந்தம். அதைத்தான் அவள் எழுதியிருந்தாள். எழுதக்கூடாத வருஷம் பார்த்து எழுதியிருந்தாள்.

மாமியார் ஆவுடையம்மாள் போன ஆடியில் போய்ச் சேர்ந்தாள். வருகிற ஆடி வரைக்கும் வீட்டில் நல்ல நாள் கிடையாது. தீபாவளிக்குச் சட்டி காயவில்லை, பொங்கலுக்குப் பானை ஏறவில்லை, பக்கத்து வீட்டுக்காரி தூக்குச்சட்டியில் கொண்டுவந்த பொங்கலைச் சாப்பிட்டார்கள். வாசலில் கோலம் இல்லை. காலையில் தண்ணி தெளிப்பாள், கூட்டுவாள், அதோடு சரி. எதிர்வீட்டு வாசலில் புள்ளிக்கோலம் பூத்துக் கிடக்கும், இவள் வாசல் கழுவிவிட்ட கரும்பலகை மாதிரி இருக்கும். அதெல்லாம் சரிதான், செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டியதுதான் என்று அவளும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் மரத்துக்கு யார் சொல்வது? பங்குனி பிறந்து ஒரு நாள் விடிகாலையில் கூட்டி முடித்து நிமிர்ந்தால், கூட்டின இடம் பூராவும் வேப்பம்பூ. வெள்ளை வெளேர் என்று, கோலம் போடாத வாசலில், அதுவா உதிர்ந்து கிடக்கிறது. விளக்குமாறும் கையுமாக நின்றாள். மறுபடி கூட்டணுமே என்று நினைத்தாள், கை ஓடவில்லை. உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை. அதுதான். ஆறு வருஷமாக அந்த நேரத்துக்குப் படுக்கையில் கிடந்த மாமியாரின் குரல் வரும், ஏட்டி, புரட்டி விடு, ஏட்டி, நனைஞ்சு போச்சு, ஏட்டி, செத்துட்டியா. அந்தக் குரல் வரவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுத் தெருவில் நடந்தாள். எங்கே போறோம் என்று தெரியாது. தண்டவாளத்துப் பக்கம் நிற்கிற புளியமரம் வரைக்கும் போய், எட்டுகிற கிளையை வளைத்துக் கொழுந்தைப் பறித்து வாயில் போட்டாள். புளிப்பு காதுவரைக்கும் ஏறியது. ஒரு சிரிப்பு வந்தது பாருங்க, தன்னந்தனியாக, ஐம்பது தாண்டின பொம்பளை, புளியமரத்தடியில் நின்று சிரிக்கிறாள். வெயில் ஏறுகிற வரைக்கும் நின்றாள். திரும்பி வந்தபோது எங்கட்டி போனே என்று கேட்க யாரும் இல்லை. அவள் வீட்டுக்காரர் வேலுச்சாமி காபியைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் பம்ப்செட் கடைக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

நினைப்பு அந்தப் புளியங்கொழுந்தில் நின்றுகொண்டிருந்தபோது பக்கத்து நாற்காலி கிரீச்சென்றது. திரும்பினால் பேச்சி மதினி. வேலுச்சாமியின் அக்கா, ஆவுடையம்மாள் பெற்ற ஒரே மகள். கயத்தாறிலிருந்து பஸ் ஏறி வந்த தூசி முகத்தில் அப்பியிருந்தது. வருவாள் என்று தெரியும். நேத்தே போனில் கேட்டுவிட்டாள், "எங்கம்மா கை எதுக்குட்டி வசந்த விழாவுக்கு வருது?" என்று. கை வந்திருந்தது உண்மைதான். பஸ் ஸ்டாண்டு எதிரில், விழா நடத்துகிற தமிழ் மன்றத்துக்காரர்கள் வைத்த ஃபிளக்ஸில் கவிஞர்கள் எல்லாரும் வரிசையாகச் சிரிக்கிறார்கள், சண்முகத்தாய் தோளில் மட்டும் ஒரு கை இருக்கிறது. ஆள் இல்லை, கை மட்டும். ஃபிளக்ஸ் கடைக்காரன் போட்டோ கேட்டபோது வேலுச்சாமி, "உன் கம்ப்யூட்டர்லயே கெடக்குமேப்பா, அம்மாவுக்கு கண்ணீர் அஞ்சலி அடிச்சோமே" என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவன் குடும்பப் போட்டோவிலிருந்து இவளைக் கத்தரித்தான், கத்தரித்தவன் கையை விட்டுவிட்டான். ரெண்டு வளையல், நடுவிரலில் நெளி மோதிரம். ஊரில் பார்க்கிறவன் எல்லாம், யார் கையப்பா அது, வசந்தத்தோட கையா என்று கேட்டுச் சிரிக்கிறான். அந்தப் போட்டோவும் ஒரு கல்யாண வீட்டில் எடுத்தது. போட்டோக்காரன்தான், பாட்டி, மருமக தோள்ல கையப் போடுங்க என்றான். போட்டாள். எடுத்ததும் எடுத்துவிட்டாள். அந்தக் கை அவள் தோளில் அதுக்கு முன்னாலும் பட்டதில்லை, பின்னாலும் பட்டதில்லை. பின்னால் எல்லாம் இவள்தான் அந்தக் கையைத் தூக்கி வைப்பாள், துடைப்பாள், நகம் வெட்டுவாள்.

"எந்திரி" என்றாள் பேச்சி.

"எங்க மதினி?"

"வீட்டுக்கு. தலவலின்னு சொல்லிட்டு எந்திரி."

"தல வலிக்கலையே."

"மேல ஏறு, வரும்." பேச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அம்மா போயி வருஷம் திரும்பல. கோலம் போடாத வீட்டுல இருந்து வந்து இங்க மைக்கப் புடிச்சு, பூ பூத்துருக்கு, குயில் கூவுதுன்னு பாடப் போறியாக்கும்."

"பாடல மதினி. படிக்கத்தான்."

"ஆமா, ரொம்ப வித்தியாசம்." முன்வரிசையில் ஒருத்தர் திரும்பிப் பார்க்க, பேச்சி குரலைத் தாழ்த்தினாள். "கெழவி போனா, மருமகளுக்குக் குளுந்து போச்சுன்னு ஊரு சொல்லும்ட்டி. நான் எங்க போயி மூஞ்சிய வச்சுக்கிட? எங்க அவன்?"

"படிக்கிட்ட நிக்காக."

"இங்க வந்து உக்கார மாட்டானாமா?"

"உங்களுக்கும் எனக்கும் நடுவுல நாற்காலி இல்லைன்னு நிக்காக."

பேச்சிக்கு ஒரு கணம் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது, அடக்கிக்கொண்டாள். "கேட்டுக்கோ. இன்னைக்கு நீ அந்த மேடையில ஏறுனேன்னா ஆடியில வருஷத் திதிக்கு நான் வரமாட்டேன். பெத்த மக வராம நீங்க எப்படித் துக்கத்தக் கழிக்கீகன்னு நானும் பாக்கேன். அந்த வாசப்படி எனக்கு இன்னையோட சரி."

சொல்லிவிட்டு முன்னால் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். சொன்னால் செய்கிறவள், அது சண்முகத்தாய்க்குத் தெரியும். வேலுச்சாமிக்கு உடன்பிறப்பு என்று இருக்கிறது இந்த ஒருத்திதான். மேடையில் நாலாவது கவிஞர் வந்து தொண்டையைச் செருமி, அவையோரே என்றார். சண்முகத்தாய் பேச்சியின் காதைப் பார்த்தாள். சின்னத் தோடுதான், கல்லுக் கம்மலை ஆடியில் கழற்றினவள் இன்னும் போடவில்லை, தலையில் பூ இல்லை. ஊருக்காக இல்லை, நிஜமாகத்தான் வைக்கவில்லை, வைக்க மனசு வரவில்லை அவளுக்கு. அம்மா படுக்கையில் கிடந்தபோது மாதம் ஒரு நாள் பிஸ்கட்டும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வருவாள், தலைமாட்டில் உட்கார்ந்து அழுவாள், மத்தியான பஸ்ஸுக்குப் போய்விடுவாள். அந்த அழுகையில் பொய் இல்லை. அவளுக்கு அம்மா. எனக்கு அத்தை. ரெண்டும் ஒண்ணுதான் என்று காட்ட வேண்டும் என்றால் நான் ஒரு வேஷம் கட்ட வேண்டும். ஆடியில் கட்டவில்லை, அன்னைக்கு அழுகை தானாகவே வந்தது, கூடி அழுகிற பொம்பளைகளோடு கட்டிப் பிடித்துக்கொண்டு நெஞ்சு நோக அழுதாள். ஆனால் அழுதுகொண்டே இருக்கும்போது ரெண்டு கையும் லேசாக இருந்தது. காய்கறிப் பையை இறக்கி வைத்த மாதிரி. அது அப்போதே அவளுக்குத் தெரிந்தது, யாராவது கையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். என்னத்துக்கு மறைக்கணும்? தூக்கினது இந்தக் கை. இறக்கி வைத்ததும் இந்தக் கைக்கு லேசாகத்தானே இருக்கும். தூக்காத கைக்கு எப்படித் தெரியும் அது. இந்தக் கேள்வியை அன்னைக்கிலிருந்து எத்தனை தரம் கேட்டுக்கொண்டாள், பாத்திரம் கழுவும்போது கேட்பாள், அரிசி களையும்போது கேட்பாள், சரி என்று ஒரு பதிலும் வரும், அடுத்த பாத்திரத்தில் மறுபடியும் அதே கேள்வி அழுக்காக வந்து நிற்கும்.

இந்தத் தூக்கின கையால்தானே கவிதையும் வந்தது. எட்டாவதோடு நிறுத்தினவளுக்குக் கவிதை எங்கே தெரியும். அத்தையைக் குளிப்பாட்டும்போது கை ஈரம், துணி அலசும்போது கை ஈரம், காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் கை ஈரம். ஜன்னல் வழியாக ஒரு குயில் சத்தம் வரும், ஒரு மாம்பூ வாசனை வரும், மனசுக்குள் ஒண்ணு ஊறும். எழுதிவைக்கக் கை காய வேண்டுமே. கை காய்கிறவரைக்கும் அதை வாய்க்குள்ளேயே உருட்டிக்கொண்டிருப்பாள், முறுக்கை ஊறவைக்கிற மாதிரி. நாலு வரி என்றால் ஒண்ணு நழுவிவிடும். மூணு வரிதான் நின்றது. அதனால் மூணு வரி. தமிழ் மன்றத்துத் தலைவர் அய்யலுசாமி ஐயா இதுக்கு ஏதோ வெளிநாட்டுப் பேர் சொல்கிறார், சொல்லிக்கொள்ளட்டும். அத்தை பாதி வாய் இழுத்துக்கிடந்தாலும் காது கூர்மை. "என்னட்டி முணுமுணுக்கே, எனக்குச் செய்வினையா?" என்பாள். "குயில் கத்துது அத்தை, அதச் சொல்லுதேன்." "அந்தக் கருமத்த வெரட்டு. ஜன்னலச் சாத்து." சாத்துவாள். சாத்தின ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பங்குனி நிற்கும். உள்ளே டெட்டால் வாசனையில் இவள் நிற்பாள். அப்படி ஆறு பங்குனி. ஒரு நாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, மோட்டார் ரெடி என்று அவர் எழுதிப்போடுகிற பலகையில் சாக்பீஸால் இவளுடைய மூணு வரி இருந்தது. எப்போது கேட்டார், எப்போது எழுதினார், ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த மனுஷன். மோட்டார் எடுக்க வந்த அய்யலுசாமி ஐயா அதைத்தான் பார்த்தார், இன்னைக்கு இந்த நாற்காலி அப்படித்தான் வந்தது.

நல்ல மனுஷன்தான் அய்யலுசாமி ஐயா. காலையில் வடையும் டீயும் கொடுத்துவிட்டு, தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, கடைசிக் கவிதையில் விரலை வைத்தார். "எல்லாம் அருமைம்மா. இதுல ஒரே ஒரு சொல். போனேன்னு இருக்கிறத அழுதேன்னு மாத்திடுங்க. மாமியாரை நினைச்சு எழுதினதா ஆயிடும். கூட்டம் கண்ணைக் கசக்கும் பாருங்க, பரிசே வந்தாலும் வரும்." ஆறு பங்குனியை ஜன்னலில் பார்த்தேன். ஏழாவது, வாசலில் நின்று கூப்பிட்டது. போனேன். அவ்வளவுதான் கவிதை. அழுதேன். வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் மாதிரி உட்கார்ந்துவிட்டது, அதுதான் பயமாக இருந்தது. அழுதேன் என்று சொன்னால் பேச்சி மதினி அழுவாள், அழுதுவிட்டுக் கையைப் பிடிப்பாள், ஆடியில் முதல் ஆளாக வந்து நிற்பாள். படிக்கிட்ட நிற்கிற மனுஷன் உள்ளே வந்து உட்காருவார். ஃபிளக்ஸில் இருக்கிற கைக்குக்கூட ஒரு அர்த்தம் வந்துவிடும், பார்த்தியா, மாமியா ஆசீர்வாதம் என்பார்கள். ஒரு சொல்லுக்கு இத்தனையும் கிடைக்கும். பொய்யா அது? அழாமலா இருந்தாள், ஆடியில் அழுதாளே. ஆடியில் அழுததை எடுத்துப் பங்குனியில் வைத்தால் என்ன. வைக்கலாம். வைத்தால் அந்தப் புளியமரத்தடியில் நின்று சிரித்தவள் எங்கே போவாள்? அவளை எங்கே கொண்டுபோய் மறைக்கிறது, எந்த முந்தானைக்குள். ஆறு வருஷம் அவள்தானே உள்ளே கிடந்தாள், புரட்டிவிட ஆள் இல்லாமல். இப்போதுதான் எழுந்து தெருமுனை வரைக்கும் நடந்திருக்கிறாள். நடந்ததுக்கே இம்புட்டு விசாரணை. இன்னொரு பயமும் இருந்தது. இந்தக் கவியரங்கத்தில் ஒவ்வொரு கவிதையையும் ரெண்டு தரம் படிக்க வேண்டும், அது இங்கே வழக்கம். முதல் தரம் படித்ததும் ஆஹா என்பார்கள், மறுபடியும் என்பார்கள். ஒரு தரம் சொன்னால் வாய் தவறிச் சொல்லிவிட்டாள் என்றாவது விட்டுவிடலாம். ரெண்டாம் தரம் சொல்கிறவள் தெரிந்துதான் சொல்கிறாள்.

"அடுத்ததாக, கவிஞர் சண்முகத்தாய்" என்றார் அய்யலுசாமி ஐயா. கைதட்டினார்கள். சண்முகத்தாய் எழுந்தாள். பேச்சி காலை மடக்கி வழி விடவில்லை. "கொஞ்சம் தள்ளிக்கோங்க மதினி" என்றாள். பேச்சி அசையவில்லை. சண்முகத்தாய் சேலையைத் தூக்கிப் பிடித்து அவள் முழங்காலைத் தாண்டிப் போனாள். நாலைந்து படிதான் மேடைக்கு, கிணத்துப்படி மாதிரி இருந்தது. மைக் அவள் உயரத்துக்கு இல்லை, இறக்கிக் கொடுத்தார்கள். வணக்கம் சொன்னாள். குரல் வேறு யாருடையதோ மாதிரி கூடம் பூராவும் கேட்டது. தாளைப் பார்த்தாள், எழுத்து நீந்தியது. தாளை மடித்தாள். வாய்க்குள் உருட்டி உருட்டி வந்ததுதானே எல்லாம், தாள் எதுக்கு.

"கோலம் கூடாத வருஷம்.
வேம்பு கேட்கவில்லை.
வாசல் நிறைய வெள்ளை."

"ஆஹா" என்றார் முன்வரிசையில் ஒரு பெரியவர். "மறுபடியும்." மறுபடியும் சொன்னாள். பேச்சியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள். பேச்சி மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"புளியமரம் தளிர்த்திருக்கு.
பேய் இருக்கு என்றவர்கள்
அடியில் நின்று கொழுந்து தின்கிறார்கள்."

கூடம் சிரித்தது. ஊட்டியைச் சொன்ன பின்வரிசைக்காரர்கூடச் சிரித்தார். ரெண்டாம் தரமும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முகத்தில் தண்ணி தெளித்த மாதிரி இருந்தது. மாம்பிஞ்சைச் சொன்னாள்: கடித்தேன், பல் கூசவில்லை, ஐம்பது வயது கூசியது. குயிலைச் சொன்னாள்: குயிலே, கொஞ்சம் மூச்சு விடு, நானும் பேச வேண்டும். ஆஹா, மறுபடியும், ஆஹா. போதும், இதோடு கும்பிட்டு இறங்கிவிடு என்று ஒண்ணு சொன்னது உள்ளே. நாலு கவிதையும் வசந்தம்தான், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, இறங்கு. அஞ்சாவது இருக்கிறது என்று அய்யலுசாமி ஐயாவுக்கு மட்டும்தானே தெரியும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் தைரியம் சொல்கிறார், அந்த ஒரு சொல்லை எதிர்பார்த்து. சண்முகத்தாய் கூடத்தின் கடைசியைப் பார்த்தாள். கதவுப் பக்கத்தில், படி முடிகிற இடத்தில், இஸ்திரி போட்ட சட்டையில் வேலுச்சாமி நின்றார். காலையில் கிளம்பும்போது, என்னங்க செய்ய என்று கேட்டாள். "உனக்கு எது தோணுதோ" என்று சொல்லிவிட்டு, அவள் சேலைக்கும் சேர்த்து இஸ்திரி போட்டார்.

"ஆறு பங்குனியை ஜன்னலில் பார்த்தேன்.
ஏழாவது, வாசலில் நின்று கூப்பிட்டது."

நிறுத்தினாள். நிறுத்த வேண்டும் என்று நிறுத்தவில்லை, சொல் வாயில் வந்து நின்றது, ரெண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பெரியவர் காதைச் சாய்த்தார்.

"போனேன்."

ஆஹா வரவில்லை. தெரிந்தவர்கள் தெரிந்தவர்களைப் பார்த்தார்கள். அந்தக் கையுடைய மருமகள்தானே என்பது ஒவ்வொரு முகமாக எட்டுவது மேடையிலிருந்து பார்க்கத் தெளிவாகத் தெரிந்தது. பேச்சி எழுந்தாள். நாற்காலி சாய்ந்து விழுந்தது, எடுத்து வைக்கவில்லை. நடுப்பாதையில் நடக்கிறாள், முதுகு தெரிகிறது, பூ வைக்காத கொண்டை தெரிகிறது. மறுபடியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, வழக்கம் வழக்கம்தானே. சண்முகத்தாய் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். அந்த முதுகைப் பார்த்தே சொன்னாள், கோபமில்லாமல், விழுங்காமல், ஒவ்வொரு சொல்லாக. போனேன் என்பதை இந்தத் தடவை நிறுத்தாமல் சொன்னாள்.

கதவுகிட்டே பேச்சி நின்றாள். "வாடா, பஸ் ஸ்டாண்டுல கொண்டு விடு" என்றது மேடைவரைக்கும் கேட்டது.

"முடியட்டும்க்கா" என்றார் வேலுச்சாமி.

பேச்சி தம்பியை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் கதவை இழுத்த இழுப்பில் அது சுவரில் மோதித் திறந்தபடியே நின்றது. செருப்புச் சத்தம் படியில் இறங்கியது. தெருச் சத்தம் உள்ளே ஏறியது, ஒரு பஸ் ஹாரன், யாரோ நுங்கு விற்கிற குரல். கடைசி வரிசையில் இருந்த ஒருத்தர் எழுந்து கதவைச் சாத்தப் போனார். ஆடிக்கு வரமாட்டாள், சொன்னால் செய்கிறவள். வராவிட்டால் என்ன செய்வது என்று சண்முகத்தாய்க்குத் தெரியவில்லை. தெரியாமலே மைக்குப் பக்கம் குனிந்தாள்.

"சாத்தாதீங்க. கதவு திறந்தே இருக்கட்டும். காத்து வரட்டும்."

"ஆஹா" என்றார் முன்வரிசைப் பெரியவர், அதையும் கவிதை என்று நினைத்து. அவருக்குப் பின்னால் இன்னும் ரெண்டு குரல். "மறுபடியும்."

சண்முகத்தாய் அவரைப் பார்த்தாள். கவிதை இல்லை ஐயா என்று சொல்ல வாயெடுத்தவள், எண்ணிப் பார்த்தாள், மூணு வரிதான் இருந்தது. படியில் செருப்புச் சத்தம் இன்னும் தரையைத் தொடவில்லை. மைக்கைக் கிட்டே இழுத்து, அங்கே கேட்கிற மாதிரி, மறுபடியும் சொன்னாள்.